தேய்ந்துவரும் தலைமுறைகள்: ஒரு பழைய குற்றச்சாட்டின் வரலாறு

1858ஆம் ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகம் தனது முதல் இளங்கலைத் தேர்வை நடத்தியது. தேர்வெழுதியவர்களுள் எவரும் விதிப்படி எல்லாத் தாள்களிலும் தேறவில்லை. ஒரே ஒரு தாளில் சில மதிப்பெண்கள் குறைந்துபோன இருவருக்கு மட்டும் கருணை மதிப்பெண் வழங்கிப் பட்டம் அளிக்கப் பல்கலைக்கழகம் இசைந்தது. ஒருவர் ஜதுநாத் போஸ். மற்றவர் பங்கிம் சந்திர சட்டோபாத்யாயர். இந்தியாவின் முதல் பட்டதாரிகள் எனப் போற்றப்படுவோர் வரிசையில் இவ்விருவரும் இருக்கின்றனர். வங்க நாவல் இலக்கியத்திற்கு வடிவம் தந்தவரும் 'வந்தே மாதரம்' இயற்றியவரும், தேர்வேட்டின்படி, கருணையால் கரையேறியவர்.

‘இன்றைய மாணவர்களுக்கு அந்தக் கால மாணவர்களின் அறிவுத்திறன் இல்லை’ என்ற கூற்று ஆசிரியர் அறைகளிலும் நேர்காணல் குழுக்களிலும் ஐயத்திற்கு இடமற்ற உண்மைபோலச் சொல்லப்படுகிறது. இக்கூற்றில் மூன்று வெவ்வேறு பொருள்கள் ஒன்றாகக் கலந்துகிடக்கின்றன: பிறவியிலோ வளர்ச்சியிலோ அமையும் அறிவுத்திறன் ஒன்று, பள்ளியும் கல்லூரியும் தரும் கல்வித்தேர்ச்சி மற்றொன்று, தேர்வு வழங்கும் மதிப்பெண் மூன்றாவது. மூன்றையும் பிரித்துப் பார்க்காதவரை இவ்விவாதம் ஓரடியும் நகராது. இக்குற்றச்சாட்டின் வரலாறு அப்பிரிவினைக்குத் துணைசெய்யும்.

இந்திய மரபில் இக்குற்றச்சாட்டு மிகத் தொன்மையானது. கி.மு. முதல் ஆயிரமாண்டைச் சேர்ந்த யாஸ்கரின் நிருக்தம் மூன்று தலைமுறைகளை வரிசைப்படுத்துகிறது. முதல் தலைமுறையினர் உண்மையை நேரே கண்ட ரிஷிகள். அடுத்தவர்கள் அவர்களிடம் கேட்டுக் கற்றவர்கள். மூன்றாமவர்கள் கேட்டுக் கற்பதிலும் சோர்வுற்றவர்கள். புரிந்துகொள்ளும் எளிமைக்காக அருஞ்சொற்றொகுதியையும் துணைநூல்களையும் தொகுத்துக்கொண்டவர்கள். இந்த வரிசையை வீழ்ச்சியின் சித்திரமாகவே மரபு வாசித்தது. ஆயினும் அந்த ‘வீழ்ந்த’ தலைமுறைக்குரியனவாகச் சொல்லப்படும் சொற்றொகுதியும் துணைநூல்களுமே இந்திய மொழியியலின் தொடக்கப் படிகள். நினைவாற்றலின் இழப்பாகத் தோன்றியது, மற்றொரு கோணத்தில் பகுப்பாய்வின் பிறப்பு.

பாணினீய சிட்சையும் இதே மனநிலையைக் காட்டுகிறது. தாழ்ந்த ஓதுவோர் அறுவரை அது பட்டியலிடுகிறது. எழுதிவைத்ததைப் பார்த்து ஓதுபவனும் அவர்களுள் ஒருவன். பொருள் அறியாமல் ஓதுபவனுக்கும் அப்பட்டியலில் இடமுண்டு என்பது கவனிக்கத்தக்கது. அன்று ஏட்டின்மீது வைக்கப்பட்ட குறையே பின்னர் உரைக்குறிப்பேட்டின்மீதும், கணிப்பொறியின்மீதும், கைப்பேசியின்மீதும் இடம்மாறி வந்திருக்கிறது. கருவி மாறுகிறது, வழக்கு மாறவில்லை.

குடியேற்ற ஆட்சிக்காலத்தில் இவ்வழக்கு நிர்வாகக் கொள்கையாக உருமாறியது. கர்சன் பிரபு 1901இல் சிம்லாவில் கல்வி மாநாட்டைக் கூட்டினார். தாமஸ் ராலே தலைமையில் பல்கலைக்கழக ஆணையம் 1902இல் அமைந்தது. எண்ணிக்கை பெருகித் தரம் தாழ்ந்துவிட்டது, மாணவர்கள் பொருளறியாது மனப்பாடம் செய்கின்றனர் என்ற முறையீடே அதற்குப் பின்புலம். ஆணையம் தந்த பரிந்துரைகளுள் கல்லூரிக் கட்டணத்திற்குக் கீழ்வரம்பு விதிப்பதும் ஒன்று. ஆணைய உறுப்பினரான நீதிபதி குருதாஸ் பானர்ஜி மாறுபட்ட குறிப்பு எழுதினார். தரத்தின் பெயரால் ஏழை மாணவர்களின் வாயில் அடைபடும் என்பதே அன்று இந்தியத் தரப்பில் எழுந்த அச்சம். 1904ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம் எதிர்ப்புகளுக்கிடையே நிறைவேறியது. மாணவரின் அறிவைப் பற்றிய ஒரு தீர்ப்பு, யார் மாணவராகலாம் என்பதைப் பற்றிய தீர்ப்பாக எத்துணை எளிதில் மாறுகிறது என்பதற்கு இது தெளிவான சான்று.

1917இல் மைக்கேல் சாட்லர் தலைமையில் அமைந்த கல்கத்தாப் பல்கலைக்கழக ஆணையம் வேறொரு பாதையில் சென்றது. வங்கத்தில் பட்டப்படிப்புக்காகப் பயிலும் மாணவர் தொகை ஏறத்தாழ 26,000 என்றும், அது பிரிட்டனின் மாணவர் தொகைக்கு நிகரானது என்றும் அது கண்டது. குறையை அது மாணவரின் மூளையில் தேடவில்லை. பள்ளிக் கல்வியின் பலவீனத்திலும், தேர்வின் கொடுங்கோன்மையிலும், புரியாத மொழியில் பாடம் கேட்கும் அவலத்திலும் தேடியது. உயர்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலான பாடங்களைத் தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

அந்த ஆணையம் ஆராய்ந்த அதே பல்கலைக்கழகத்தில் 1915இல் முதுகலைத் தேர்வு எழுதி வெளிவந்தவர்கள் சத்யேந்திரநாத் போஸும் மேகநாத் சாஹாவும். சாஹாவின் அயனியாக்கச் சமன்பாடு 1920இலும், போஸின் குவாண்டம் புள்ளியியல் கட்டுரை 1924இலும் வெளிவந்தன. தரம் தாழ்ந்ததென்று பழிக்கப்பட்ட காலமே, இரண்டு தலைமுறைகள் கடந்தபின், இந்திய அறிவியலின் பொற்காலமாக நினைவுகூரப்படுகிறது. 1948இல் அமைந்த இராதாகிருஷ்ணன் ஆணையம் தரத்தைப் பற்றிய கவலையை மீண்டும் பதிவுசெய்தது. ஒரே ஒரு சீர்திருத்தத்தை மட்டும் சொல்லவேண்டுமாயின் அது தேர்வுமுறைச் சீர்திருத்தமே என்ற நிலைக்கும் வந்தது. 1964இல் அமைந்த கோத்தாரி ஆணையமும் தரத்தைப் பற்றி விரிவாகப் பேசியது. ஒவ்வொரு காலத்தின் புலம்பலையும் எழுத்துப்படி நம்பினால், 1902இலிருந்து இடையறாது சரிந்த அறிவு இன்று அடியோடு அற்றுப்போயிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை என்பதே புலம்பலின் அளவுகோல் பழுதுடையது என்பதைக் காட்டும்.

அளவுகோலின் முதற்பழுது, ஒப்பிடப்படும் கூட்டங்கள் ஒன்றல்ல என்பது. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்திய எழுத்தறிவு சுமார் 5 விழுக்காடு. 1951இல் சுமார் 18. 2011இல் சுமார் 73. கணக்கிடும் வயதுவரம்பு மாறியிருப்பினும் மாற்றத்தின் திசையில் ஐயமில்லை. விடுதலையின்போது நாட்டில் ஏறக்குறைய 20 பல்கலைக்கழகங்களும் 500 கல்லூரிகளும் இருந்தன. 2021-22இல் உயர்கல்வி மாணவர் தொகை 4 கோடியைத் தாண்டியது. அன்று வகுப்பறையில் அமர்ந்தவர் சாதி, பாலினம், செல்வம் என்னும் மூன்று சல்லடைகளால் சலிக்கப்பட்டவர். பெரும்பாலும் படித்த குடும்பத்தின் பிள்ளை. கல்கத்தாவில் சந்திரமுகி பாசுவும் காதம்பினி கங்குலியும் பட்டம் பெற்று முதற்பெண் பட்டதாரிகளானது 1883இல்தான். இன்றைய வகுப்பறையில் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள் பலர். அன்றைய சிறுபான்மையின் உச்சியையும் இன்றைய பெரும்பான்மையின் சராசரியையும் அருகருகே நிறுத்தி, தலைமுறை தேய்ந்தது என்பது புள்ளியியற்பிழை. அன்று பள்ளிக்கே வராத கோடிக்கணக்கானோரின் அறிவை எந்தத் தேர்வும் அளக்கவில்லை.

அறிவுத்திறனை நேரடியாக அளக்க முயன்றோரின் வரலாறும் வீழ்ச்சிக்கதைக்கு எளிதில் இடம்தருவதில்லை. பிரான்சில் பினேயும் சிமோனும் 1905இல் முதல் அளவுகோலை வெளியிட்டனர். லாகூரில் பணியாற்றிய ஹெர்பர்ட் ரைஸ் அதை இந்துஸ்தானிக்கு ஏற்பத் திருத்தி 1929இல் நூலாக்கினார். 1984இல் ஜேம்ஸ் ஃப்ளின் வெளியிட்ட ஆய்வு, 1932க்கும் 1978க்கும் இடையில் அமெரிக்கரின் சராசரி சுமார் 14 புள்ளிகள் உயர்ந்ததைக் காட்டியது. 1987இல் அவர் 14 நாடுகளின் தரவுகளில் உயர்வைக் கண்டார். பின்னர் நார்வே போன்ற நாடுகளில் இந்த ஏற்றம் நின்று இறக்கம் தொடங்கியது என்பதும் மெய்யே. ஆனால் நார்வேயின் படைச்சேவைத் தேர்வுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, ஏற்றமும் இறக்கமும் ஒரே பெற்றோருக்குப் பிறந்த சகோதரர்களுக்கிடையிலேயே காணப்படுவதை நிறுவியது. ஆகவே காரணம் குருதியில் இல்லை, சூழலில் இருக்கிறது. இந்தியாவில் கட்டாயப் படைச்சேவை இல்லாமையால் அத்தகைய தொடர்தரவு இங்கு உருவாகவில்லை. உலகின் ஏதோ ஒரு நாட்டில் அளந்த இறக்கத்தை இந்திய இளைஞர்மேல் ஏற்றிப் பேசுவது ஆய்வாகாது.

சூழல் என்னும் சொல் இந்தியாவில் எத்துணைப் பருப்பொருளானது என்பதைக் காங்ரா பள்ளத்தாக்கு உணர்த்தும். இமயமலை அடிவாரத்தின் அயோடின் குறைந்த மண்ணில் முன்கழுத்துக்கழலை பரவியிருந்தது. அக்குறைபாடு குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் தாக்கவல்லது. வி. இராமலிங்கசாமியும் அவருடைய குழுவினரும் 1956இல் அங்கு அயோடின் கலந்த உப்பை வழங்கி ஆய்வைத் தொடங்கினர்; நோய் பெருமளவு தணிந்தது. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. ஒரு தலைமுறையின் அறிவு வளம் ஒரு சிட்டிகை உப்பைச் சார்ந்திருக்கக்கூடும் என்னும்போது, இளைஞர்களைப் பழிப்பதற்கு முன் அவர்களுடைய தாய்மார் உண்டதையும் அவர்கள் பருகிய நீரையும் வினவவேண்டியிருக்கிறது.

இவற்றைக் கொண்டு இன்றைய கல்விநிலையில் குறையே இல்லை என முடிவுகட்டுவதும் தவறாகும். 2005 முதல் நடந்துவரும் ஏசர் ஆய்வுகள், ஊரகப் பகுதிகளில் ஐந்தாம் வகுப்பு மாணவருள் சுமார் பாதிப்பேருக்கே இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க இயல்கிறது என்பதைத் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியாக நடந்த பீசா தேர்வில் இந்தியாவின் சார்பில் பங்கேற்ற தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பட்டியலின் அடிப்பகுதியில் நின்றன. இந்தியா அடுத்த சுற்றுகளிலிருந்து விலகிக்கொண்டது. நெருக்கடி உண்மையானது. ஆனால் அது கற்பித்தலின் நெருக்கடி; பிறந்தவர்களின் குறைபாடன்று.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சி அன்று. ‘அறிவு குறைந்த தலைமுறை’ என்று நோயைப் பெயரிட்டால், மருந்தாக வருவன வடிகட்டும் தேர்வுகளும் உயர்த்திய கட்டணமும் மூடிய வாயிலுமே. 1904இன் சட்டம் அத்திசையில்தான் நடந்தது. ‘கற்பிக்கப்படாத தலைமுறை’ என்று பெயரிட்டால், ஆசிரியர் நியமனம், தாய்மொழி வழிப் பயிற்று, நூலகம், ஊட்டச்சத்து, தேர்வுச் சீர்திருத்தம் ஆகியன கேள்விக்குள்ளாகும். சாட்லரும் இராதாகிருஷ்ணனும் சுட்டிய திசை அதுவே. முதற்பெயர் குற்றத்தை இளைஞர்மேல் சுமத்துகிறது. இரண்டாவது பெயர் அதை முந்தைய தலைமுறையின் வாசலில் கொண்டுவந்து வைக்கிறது. முதற்பெயர் நூற்றாண்டுகள் கடந்தும் செல்வாக்கு இழக்காதிருப்பதற்கு, அதைச் சூட்டுகிறவர் எப்போதும் மூத்தவராக இருப்பதே காரணம்.