பிரிவும் பிள்ளை மனமும்

பிள்ளையின் பிழைக்குப் பிள்ளையையே தண்டிப்பது நெடுங்கால வழக்கம். களவெடுத்தவனுக்குப் பிரம்படி, படுக்கையை நனைத்தவளுக்கு ஏச்சு, வாய் திறவாதவனுக்குப் பிடிவாதக்காரன் என்ற பட்டம். பிழையின் வேர் சில வேளை குடும்ப வாழ்வின் குலைவிலே கிடக்கலாம் என்பதைப் பலரும் உணர்வதற்கு ஒரு பெரும்போர் வரவேண்டியிருந்தது.

1939ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி, குண்டுவீச்சுக்கு அஞ்சிய பிரித்தானிய அரசு, நகரச் சிறுவரை நாட்டுப்புறங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. சில நாள்களுக்குள் ஏறக்குறைய 15 இலட்சம் பேர் இடம் மாறினர். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் பெற்றோரைப் பிரிந்து சென்ற பள்ளிப் பிள்ளைகள். உடல்கள் காப்பாற்றப்பட்டன, உள்ளங்களோ தடுமாறின. படுக்கையை நனைக்கும் பிள்ளைகளைப் பற்றி, அவர்களை ஏற்ற வீடுகளிலிருந்து முறைப்பாடுகள் குவிந்தன.

அக்காலத்தில் இலண்டன் ஹம்ஸ்ரெட் பகுதியிலே சிறுவர் இல்லங்களை நடத்தியவர் அன்னா புரொய்ட் அம்மையார். தாயின் அணைப்பிலிருந்த குழந்தை குண்டொலியையும் தாங்கியது; தாயைப் பிரிந்த குழந்தையோ அமைதியான இடத்திலும் வாடியது. இதனைக் கண்ட அவர், பிள்ளைகளைச் சிறு சிறு குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு செவிலியிடம் ஒப்படைத்தார். முதலில் பொறாமையும் அழுகையும் மிகுந்தன, பின்னர் பாசம் வேரூன்றியது, வளர்ச்சியும் தொடர்ந்தது.

உளமருத்துவர் ஜோன் போல்பி 1944இல் வெளியிட்ட ஆய்வு, களவுப் பழக்கமுள்ள 44 சிறுவரைப் பற்றியது. அவர்களுள் 14 பேர் எவரிடத்தும் அன்பு கொள்ளாதவராய்க் காணப்பட்டனர். அந்தப் 14 பேரில் 12 பேர் இளம்பருவத்திலே நெடுநாள் தாயைப் பிரிந்திருந்தவர்கள். களவுப் பழக்கமின்றி வேறு மனக்குறைகளுக்காக வந்த 44 சிறுவருள் அத்தகைய பிரிவைக் கண்டவர் இருவரே. 1951இல் உலக சுகாதார தாபனம் போல்பியின் அறிக்கையை வெளியிட்டது. 1952இல் ஜேம்ஸ் றொபேட்சன், வைத்தியசாலையிலே தனித்திருந்த இரண்டு வயதுச் சிறுமியின் துயரைத் திரைப்படமாக்கிக் காட்டினார். நோயுற்ற பிள்ளையைப் பெற்றோர் தடையின்றிப் பார்க்க இடமளிக்குமாறு 1959இல் பிளாற் குழு பரிந்துரைத்தது.

எனினும், புதிய உண்மையோடு புதிய அநீதியும் புகுந்தது. பிள்ளையின் ஒவ்வொரு கோணலுக்கும் தாயே காரணமெனச் சொல்வோர் தோன்றினர். 1972இல் மைக்கேல் றட்டர் பழைய சான்றுகளை மீண்டும் ஆராய்ந்தார். பிரிவு ஒன்றே கேடு செய்வதன்று. ஒரே கூரையின்கீழ் ஓயாது நடக்கும் பூசல் அதனிலும் கொடிதாகலாம். பாசப் பிணைப்புத் தாயோடு மட்டும் நிற்பதுமன்று. தந்தையும் பிறரும் அதற்குரியவரே. இவை அவர் கண்ட முடிவுகள். இளமையில் நேர்ந்த ஊறு முழுவதும் மாறாத வடுவாகிவிடுவதுமில்லை. பின்வரும் நல்வாழ்வு அதனை ஆற்றவும் கூடும்.

ஆகவே, பிள்ளையின் கையிலிருந்து விலக்கிய பிரம்பைத் தாயின்மேல் ஓங்குதல் தகாது. களவெடுத்த சிறுவனைக் கண்டவிடத்து, அவன் வீட்டில் யாருடன் யார் பேசாதிருக்கின்றனர், அவனை அணைத்த கை எப்போது விலகியது என்று வினவுவதே முதற்கடன். அவ்வினாவுக்கு விடை கிடைக்குமிடத்தே அவனுக்குரிய மருந்தும் கிடைக்கக்கூடும்.