பாரதக் கூத்தில் உலகிடைப் பயணம்

வடதமிழகத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவையொட்டி மகாபாரதக் கதை பல இரவுகள் தொடர்ந்து கூத்தாக ஆடப்படுகிறது. அதில் பாத்திரங்கள் மண்ணுலகை விட்டு நாகலோகம், கைலாயம், இந்திரலோகம், கடல் நடுவே உள்ள நாடு ஆகியவற்றுக்குப் போய்த் திரும்பும் பகுதிகளும், அவற்றை ஊர் கூடித் திட்டமிட்டு நடத்தும் முறையும் இக்கட்டுரையின் பொருள். இப்பயணங்களில் பெரும்பாலானவற்றின் நாயகன் அர்ச்சுனன். பழைய தென்னார்க்காட்டுப் பகுதி, குறிப்பாகச் செஞ்சி, விழுப்புரம், திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை வட்டாரங்கள், இக்கூத்து வேரூன்றிய நிலம். அர்ச்சுனன் மகன் அரவானுக்குப் பெயர்பெற்ற கூவாகம் உளுந்தூர்பேட்டை வட்டத்தைச் சேர்ந்தது. இவ்வட்டம் 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது.

பின்புலம்

தமிழகத்தில் பாரதம் வாசிக்கும் வழக்கம் மிகப் பழையது. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் வெளியிட்ட கூரம் செப்பேடு, கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு நிவந்தம் அளித்ததைக் கூறுகிறது. 9ஆம் நூற்றாண்டில், மூன்றாம் நந்திவர்மன் காலத்தில், பெருந்தேவனார் பாரத வெண்பா இயற்றினார். இப்போது ஊர்ப் பிரசங்கிகள் பெரிதும் கையாளுவது வில்லிபுத்தூராழ்வாரின் பாரதம். திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்த வில்லிபுத்தூரார், வக்கபாகை வரபதி ஆட்கொண்டானின் ஆதரவில் இந்நூலைப் பாடினார். திருமுனைப்பாடி நாடு என்பது இன்றைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பரவிய பழைய நாட்டுப் பிரிவு. ஆகவே கூத்து செழித்த மண்ணும் நூல் பிறந்த மண்ணும் ஏறக்குறைய ஒன்றே. வில்லி பாரதம் பத்துப் பருவங்களோடு நிற்பதால், கூடுதல் கதைகளுக்கு 18ஆம் நூற்றாண்டின் நல்லாப்பிள்ளை பாரதத்தையும் பிரசங்கிகள் எடுத்துக்கொள்வர்.

வாசிப்பில் இல்லாத கதைகள் பல கூத்தில் உண்டு. அவை கூத்துக் குழுவை நடத்தும் வாத்தியார் வழியாகவும், கூத்துக் கையேடுகள் வழியாகவும், சென்னையில் இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்றோர் அச்சிட்ட பெரிய எழுத்துப் புத்தகங்கள் வழியாகவும் வந்து சேர்ந்தவை.

திட்டமிடல்

திருவிழா பெரும்பாலும் பங்குனிக்கும் ஆடிக்கும் இடையே, அறுவடை முடிந்து கையில் காசும் நாளில் ஓய்வும் உள்ள காலத்தில் நடக்கும். பத்து நாளிலிருந்து இருபது நாளுக்கு மேலும் நீளும். பாரதப் போர் பதினெட்டு நாள் என்பதால் பதினெட்டு நாள் விழாவுக்குத் தனி மதிப்பு உண்டு. தர்மகர்த்தாவும் ஊர்ப் பெரியவர்களும் கூடித் தலைக்கட்டு வரி நிர்ணயிப்பர். பிரசங்கிக்கும் கூத்துக் குழுவான ஜமாவுக்கும் வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுத்த பிறகு, எந்த இரவு எந்தக் கூத்து என்று வரிசை குறிக்கப்படும்.

ஒரு நாளின் கதை மூன்று அடுக்காக நகரும். பிற்பகலில் கோயில் பந்தலில் பிரசங்கி பாடலைப் படித்துப் பொருள் சொல்வார். இரவில் ஜமா அதே கதையைக் கூத்தாக ஆடும். சில நாட்களில் கதையின் ஒரு துண்டு கோயில் வாசலைத் தாண்டித் தெருவுக்கும் வயலுக்கும் போகும். இந்த மூன்றும் ஒன்றையொன்று முந்தாமலும் பின்தங்காமலும் பார்த்துக்கொள்வதுதான் திட்டமிடுவோரின் முதன்மையான வேலை. பிரசங்கத்தில் திரௌபதி கல்யாணம் முடியாமல் கூத்தில் துகிலுரிதல் வர முடியாது. அதேபோல் துரியோதனன் வீழ்வதைக் காட்டும் படுகளத்தன்று காலைக்குள் பதினெட்டாம் போர் ஆடி முடிந்திருக்க வேண்டும்.

வழக்கமான வரிசை வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், இராசசூய யாகம், சூதும் துகிலுரிதலும், அர்ச்சுனன் தபசு, விராட பருவத்து மாடுபிடி சண்டை, கிருஷ்ணன் தூது, அரவான் களப்பலி, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று செல்லும். ஊரின் வசதியையும் நாட்கணக்கையும் பொறுத்துச் சில இரவுகள் கூடும், சில குறையும். துகிலுரிதலையும் தபசையும் படுகளத்தையும் விட்டுவிட ஊரார் எளிதில் ஒப்பமாட்டார்கள்.

வேடமும் களமும்

தென்னார்க்காட்டு ஜமாக்கள் ஆடுவது தெற்கத்திப் பாணி எனப்படும். அரசர், வீரர் வேடங்களுக்குக் கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் ஆகிய கட்டைகள் உண்டு. தலையிலும் தோளிலும் இரவு முழுதும் சுமக்க வேண்டியிருப்பதால், எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் இவற்றைச் செதுக்கிக் கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டுவர். பெண் வேடங்களையும் ஆண்களே கட்டுவது மரபு. ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம் ஆகியவையே பக்க இசை.

களத்தில் காட்சி மாற்றத்துக்குப் படுதா கிடையாது. இரண்டு பேர் பிடித்திருக்கும் ஒரு திரைதான் உண்டு. பாத்திரம் முதலில் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடும். கிரீடத்தின் நுனி மட்டும் மேலே தெரியும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் யார் என்று கேட்டு வம்பளப்பான். திரை விலகியதும் அதே மண் தரை அத்தினாபுரமோ கைலாயமோ ஆகிவிடும். எந்த உலகம் என்பதைப் பாட்டும், நடிகர் களத்தைச் சுற்றி ஆடும் கிறுகியும், கட்டியங்காரனின் ஒரு வரியுமே தீர்மானிக்கின்றன. ஆகவே உலகத்திலிருந்து உலகத்துக்குப் போவதற்கு ஜமாவுக்கு ஆகும் செலவு ஏதுமில்லை.

அர்ச்சுனன் சென்ற உலகங்கள்

தீர்த்தயாத்திரையின்போது கங்கையில் நீராடிய அர்ச்சுனனை நாககன்னி உலூபி நாகலோகத்துக்கு இழுத்துச் செல்கிறாள். அவர்களுக்குப் பிறந்தவன் அரவான். வனவாசத்தில் பாசுபதாத்திரம் வேண்டித் தவம் செய்யும்போது, துரியோதனன் ஏவிய மூகாசுரன் பன்றி வடிவில் வருகிறான். வேடனாக வந்த சிவனுக்கும் அர்ச்சுனனுக்கும் அந்தப் பன்றியை முன்வைத்துச் சண்டை மூள்கிறது. வில்லி பாரதத்தின் ஆரணிய பருவத்தில் இது அருச்சுனன் தவநிலைச் சருக்கமாக அமைந்துள்ளது.

அடுத்து வருவது நிவாதகவசர் காலகேயர் வதைச் சருக்கம். இந்திரனின் தேரை மாதலி ஓட்டிவர, அர்ச்சுனன் அமராவதிக்குப் போகிறான். அங்கிருந்து அதே தேரில் கடலுக்குள் இருக்கும் நிவாதகவசர் நகருக்கும், வானில் இயங்கும் இரணியபுரத்துக்கும் சென்று போரிடுகிறான். ஊர்வசியை ஏற்க மறுத்ததால் பெற்ற சாபம், அவன் மண்ணுலகு திரும்பியபின் விராடன் நகரில் பிருகந்நளையாக ஓராண்டு மறைந்து வாழ உதவுகிறது. ஓர் உலகில் பெற்றது இன்னோர் உலகில் பயன்படும் இந்தப் பின்னல், பல இரவுக் கதையை அறுபடாமல் இழுத்துச் செல்கிறது.

கடல்வழிப் பயணத்துக்குத் தனிக் கூத்தே உண்டு. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் பவளக்கொடி மாலையை ஒட்டிய பவளக்கொடி கூத்தில், அர்ச்சுனனின் மனைவி அல்லிக்குப் பிறந்த புலந்திரன் பவளத்தேர் வேண்டும் என்று அடம்பிடிக்க, அர்ச்சுனன் கடல் கடந்து பவளக்கொடியின் நாட்டுக்குச் சென்று அவளை மணக்கிறான். வியாச பாரதத்தில் இக்கதை இல்லை. ஆயினும் தமிழ் மேடை இதை விரும்பி ஏற்றது, 1934இல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் எம். கே. தியாகராஜ பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியும் நடித்துப் படமாகவும் வந்தது.

தபசு மரம்

உலகிடைப் பயணத்தை ஊர் கண்ணால் பார்க்கும் இடம் தபசு மரம். கோயிலுக்கு எதிரே நெட்டையான பனைமரத் தண்டை நட்டு, ஏறுவதற்குக் குறுக்குச் சட்டங்கள் அடித்து, உச்சியில் ஆள் நிற்கும் அளவுக்குப் பரண் கட்டுவர். நட்டபின் மரத்துக்குப் பூசை உண்டு. அர்ச்சுனன் வேடக்காரர் விரதம் இருந்து, தவக்கோலத்தில் மரத்தை வலம் வந்து, ஒவ்வொரு படிக்கும் பாட்டுப் பாடி மெல்ல ஏறுவார். கீழே இருப்பது காடு, உச்சி கைலாயம்.

உச்சியில் பூசை முடித்து அவர் திருநீறு, எலுமிச்சை, பூ, வில்வம் ஆகியவற்றைக் கூட்டத்தின்மீது வீசுவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் மரத்தடியில் முந்தானை ஏந்தி நிற்பர். வந்து விழும் எலுமிச்சைக்கு அவர்களிடையே நடக்கும் தள்ளுமுள்ளில், மேலே நிற்பவர் ஜமாக்காரர் என்பது யாருக்கும் நினைவில் இராது.

அரவானும் கூவாகமும்

நாகலோகப் பயணத்தின் பலன் கூவாகத்தில் தெரிகிறது. போரில் பாண்டவர் வெல்ல, முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்திய ஒருவனைக் காளிக்குப் பலியிட வேண்டும். அரவான் ஒப்புக்கொள்கிறான். சாவதற்கு முன் மணம் முடிக்க வேண்டும் என்ற அவன் விருப்பத்தைக் கிருஷ்ணன் மோகினியாகி நிறைவேற்றுகிறான். களப்பலிச் செய்தி தமிழில் பெருந்தேவனார் பாரதத்திலேயே இடம்பெற்றுவிட்டது.

கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் சித்திரைப் பௌர்ணமியையொட்டி நடக்கும் விழாவில், நாட்டின் பல பகுதிகளிலிருந்து வரும் திருநங்கையர் அரவானுக்கு மணப்பெண்ணாகப் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கின்றனர். மறுநாள் தேரோட்டத்துக்குப் பின் ஒப்பாரி வைத்துத் தாலி அறுத்து வெள்ளைச் சேலை உடுத்துகின்றனர். இங்கே கதைப் பாத்திரத்தை ஏற்பவர்கள் ஜமாவைச் சேர்ந்தவர்கள் அல்லர். வந்தவர் ஒவ்வொருவரும் மோகினி.

ஊராரின் பங்கு

பகாசுரன் வதத்தன்று பீமன் வேடக்காரர் சோற்று வண்டியில் ஏறித் தெருத்தெருவாக வருவார். வீட்டுக்கு வீடு உணவு கொடுப்பர். ஏகசக்கர நகரத்து மக்களாக அன்று இருப்பது அந்த ஊர். துகிலுரிதலில் திரௌபதி வேடத்துக்குக் கற்பூரம் காட்டுவர். படுகளத்தில் துரியோதனன் உருவம் தரையில் மண்ணால் பெரிதாகப் படுக்க வைக்கப்படும். பீமன் அதன் தொடையில் அடித்ததும், உள்ளே வைத்திருக்கும் செந்நீர் வெளிப்பட, அதைத் தொட்டுத் திரௌபதியின் விரித்த கூந்தல் முடிக்கப்படும். அன்று மாலை தீமிதி. காப்புக் கட்டியவர்கள் பூங்கரகத்தின் பின்னால் தீயில் இறங்குவர். பின்னர் தருமர் பட்டாபிஷேகத்தோடு விழா முடியும்.

மேசைக் கதையாட்டங்களோடு ஒப்பீடு

இக்கூத்தைப் போலவே பலர் கூடிப் பாத்திரம் ஏற்று நாள்கணக்கில் ஒரே கதையைத் தொடரும் மேசை விளையாட்டுகள் மேலைநாட்டில் 1974இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வழியாகப் பரவின. அதை உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும். மந்திரக் கப்பலில் உலகம் விட்டு உலகம் செல்லும் ஸ்பெல்ஜாமர் என்ற கதைக்களத்தை ஜெஃப் கிரப் 1989இல் அமைத்தார். இவற்றில் கதையை நடத்துபவர் உலகங்களை வரைந்து வைப்பார். ஆடுவோரின் விருப்பமும் பகடையும் முடிவைத் தீர்மானிக்கும்.

பாரதக் கூத்தில் பகடை கதைக்குள்ளே உருள்கிறது; முடிவைத் தொடுவதில்லை. துரியோதனன் விழுவான் என்று குழந்தைக்கும் தெரியும். ஆடுவோருக்குச் சுதந்திரம் இருப்பது போகும் வழியில்தான். வாத்தியார் ஒரு சண்டையை விடியும்வரை இழுப்பார், இல்லையென்றால் சுருக்குவார். கட்டியங்காரன் அன்றைய ஊர்ச் செய்தியைத் தேவலோகத்துக்குள் கொண்டுபோவான். கதையாட்டத் தொடர் ஒன்றைத் திட்டமிடுவோர்க்கு இதிலிருந்து மூன்று முறைகள் கிடைக்கின்றன: ஒவ்வோர் உலகத்திலிருந்தும் பாத்திரம் எதையாவது சுமந்து திரும்புவது, உலகம் மாறுவதை ஒரே ஓர் எளிய அடையாளத்தால் காட்டுவது, பார்ப்பவர்க்கும் கதையில் ஒரு வேலை வைப்பது.

பரவலும் இன்றைய நிலையும்

தமிழர் புலம்பெயர்ந்த நாடுகளுக்கு இவ்விழாவும் சென்றது. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் தீமிதிக்கு முன் பாரத நிகழ்வுகள் வரிசையாக நடத்தப்படுகின்றன; இலங்கையில் உடப்பு திரௌபதி அம்மன் கோயில் தீமிதி பெயர்பெற்றது. ஆல்ஃப் ஹில்டபைட்டல், ரிச்சர்டு ஃபிராஸ்கா, ஹன்னா டி புருயின் ஆகியோர் இவ்வழிபாட்டையும் கூத்தையும் பற்றி விரிவான ஆய்வு நூல்கள் எழுதியுள்ளனர். பெ. இராஜகோபாலும் டி புருயினும் 2002இல் காஞ்சிபுரம் அருகே தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம் பெண் பிள்ளைகளுக்கும் பயிற்சி அளித்து 2020வரை நடந்தது.

இன்று பல ஊர்களில் கூத்து இரவுகள் குறைந்து, கர்ண மோட்சம் போன்ற ஓரிரண்டு கதைகளே இறப்புச் சடங்குகளிலும் விழாக்களிலும் திரும்பத் திரும்ப ஆடப்படுகின்றன. தனி இரவுக் கூத்தில் நடிப்பையும் பாட்டையும் ரசிக்கலாம். உலகங்களின் தொடர்ச்சி அதில் வராது. இக்கலையைப் பார்க்க விரும்புவோர் தீமிதியன்று மட்டும் வந்து போகாமல், கொடியேற்றம் முதல் பட்டாபிஷேகம்வரை ஒரே ஊரில் தங்கிப் பார்ப்பது நல்லது.