போர்ட்டிக்சனிலிருந்து மலாக்காவுக்கு: கரை வழியா, தோட்ட வழியா?

போர்ட்டிக்சனும் மலாக்காவும் ஒரே நீரிணையைப் பார்த்து நிற்கும் ஊர்கள். விரைவாகப் போய்ச் சேர நெடுஞ்சாலை இருக்கிறது. பார்த்துக்கொண்டே போக விரும்புகிறவர்களுக்கு வேறு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கரையை ஒட்டிய கூட்டரசு 5ஆம் சாலை. தெலுக் கெமாங், பாசிர் பாஞ்சாங் எனத் தொடங்கி லிங்கி ஆற்றைக் கடந்து, மஸ்ஜித் தானா வழியாக மலாக்காவை அடையும். மற்றது உள்வழி. லுக்குட்டைத் தாண்டி சிலியாவ், ரந்தாவ் தோட்டங்களின் ஊடே ஏறி, செனாவாங் பக்கம் கூட்டரசு 1ஆம் சாலையைப் பிடித்து, ரெம்பாவ், தம்பின், அலோர் காஜா என்று இறங்க வேண்டும். முதல் வழி 100 கிலோமீட்டருக்குள் முடியும். இரண்டாவது அதைத் தாண்டும்.

அழகான பயணம் என்றதும் நம் மனம் கரைச் சாலைக்குத்தான் போகிறது. கடல் தெரிகிற சாலையே காட்சிச் சாலை என்று பேசாமலே முடிவு கட்டிவிடுகிறோம். நெகிரி செம்பிலானைப் பொறுத்தவரை அந்த முடிவை ஒருமுறை உரசிப் பார்ப்பது நல்லது.

கடல் எவ்வளவு தூரம் கூட வரும்?

போர்ட்டிக்சன்காரர்கள் கரையைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஐந்தாங் கட்டை, ஏழாங் கட்டை என்று மைல் கல்தான் இடத்துக்குப் பெயர். இந்தக் கட்டைகளுக்கு இடையே கடல் நன்றாகவே தெரியும். கரையோரத்து மர நிழலில் குடும்பங்கள் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும். ஆனால் தங்கும் விடுதிகளும் அடுக்குமாடிகளும் நடுநடுவே வந்து கடலை மறைக்கும்.

இந்த வழியின் சிகரம் தஞ்சோங் துவான் முனை. சுற்றிலும் நெகிரி செம்பிலான் நிலம் இருந்தாலும் இந்த முனை மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்து ஏறினால் 1863இல் கட்டிய கலங்கரை விளக்கம். 1606இல் டச்சுக்காரர்களும் போர்த்துக்கீசியர்களும் கப்பல்களோடு மோதிக்கொண்டது இந்த முனைக்கு எதிரேதான். சுமத்திராப் பக்கம் இங்கிருந்து 40 கிலோமீட்டருக்கும் குறைவு. அதனால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வடக்கே திரும்பும் தேன்பருந்துகள் நீரிணையை இங்கேதான் கடக்கின்றன. வெயில் ஏறியதும் சூட்டுக் காற்றில் உயர்ந்து மிதந்து வருவதுதான் அவற்றின் வழக்கம். நீரின் மேல் அந்தக் காற்று கிடைக்காது. ஆகவே அக்கரையிலிருந்து வருபவை சிறகடித்துக் களைத்து, மரங்களின் உச்சியை உரசுவதுபோலத் தாழ்ந்து கரையேறும். மலேசிய இயற்கைக் கழகம் இதைக் காண ஆண்டுதோறும் மக்களை அழைக்கிறது. தலைக்கு நேர் மேலே ஒரு பருந்தின் இறகு வரிகளை வெறும் கண்ணால் பார்க்கிற அனுபவம் எளிதில் வாய்ப்பதல்ல.

பாசிர் பாஞ்சாங்கைத் தாண்டியபின் கடல் பெரும்பாலும் மறைந்துபோகும். சாலையின் இரு பக்கமும் செம்பனை, இடையில் கிராமங்கள், லிங்கி ஆற்றோரம் சதுப்பு நிலம். மலாக்காவை நெருங்கும்போது சுங்கை ஊடாங் பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. கடல் வழி என்று புறப்பட்டவர் பாதிக்கு மேல் கடலைப் பார்ப்பதில்லை.

தோட்ட வழி காட்டுவது என்ன?

உள்வழியில் காட்சி தொடர்ச்சியாக வரும். நிலம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் சாலை வளைந்து வளைந்து போகிறது. ஒரு வளைவில் சிறு தோட்டக்காரரின் ரப்பர். பால் மரத்தின் பட்டையில் சாய்வாக இறங்கும் வெட்டுக் கோடுகளை வண்டியிலிருந்தே பார்க்கலாம். அடுத்த வளைவில் செம்பனை. நீண்ட அலுமினியக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, முதலில் மட்டையை வெட்டித் தள்ளி, பிறகு குலையை அறுக்கிறார்கள். இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள குலை தொப்பென்று விழுந்து, உதிரிப் பழம் சிதறும். நிரைகளுக்கு நடுவே கம்பத்தில் ஏற்றிய மரப்பெட்டிகள் சில இடங்களில் தென்படும். அவை கூகைகளுக்கான கூடுகள்; எலியைக் கட்டுப்படுத்தத் தோட்ட நிர்வாகங்கள் வைத்தவை.

ரந்தாவ் சுற்றுவட்டாரத்தில் நம் தமிழர் வாழ்க்கையின் தடம் அடர்த்தியாக இருக்கிறது. விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, பால் மங்கு கழுவி, லயம் என்ற வரிசை வீடுகளில் பிள்ளை வளர்த்த தலைமுறைகளின் நிலம் இது. பல இடங்களில் லயங்கள் போய்விட்டன. கோயிலும் பள்ளியும் நிற்கின்றன. லின்சம் போன்ற தோட்டங்களின் பெயரை இன்றும் தமிழ்ப்பள்ளிகள் சுமக்கின்றன. கரை வழியிலும் தோட்டங்கள் இல்லாமலில்லை. சுவாபெத்தோங் அந்தப் பக்கத்துப் பழைய தோட்டம்தான். ஆனால் அங்கே தோட்டம் சாலையிலிருந்து ஒதுங்கியிருக்கிறது. இங்கே சாலையே தோட்டத்துக்குள் போகிறது.

ரெம்பாவை நெருங்கும்போது காட்சி மாறும். கூரை முனை கொம்புபோல் வளைந்த மினாங்கபாவ் வீடுகள், அவற்றுக்குப் பின்னால் 884 மீட்டர் உயர டத்தோ மலை. தாய்வழியாகப் பரம்பரை நிலம் போகும் வழக்கம் உயிரோடு இருக்கும் ஊர்கள் இவை. நிலமே இல்லாமல் லயத்தில் வாழ்ந்த சமூகமும், நிலத்தைப் பெண்வழியில் காத்த சமூகமும் ஒரே சாலையின் இரு பகுதிகளில் வாழ்ந்ததை இந்தப் பயணம் காட்டிவிடும்.

எந்த வழியில் வரலாறு அதிகம்?

பழமையில் கரை வழி முந்துகிறது. லிங்கி அருகே பெங்காலான் கெம்பாஸில் நிற்கும் பெருங்கற்களையும், 15ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டையும் பார்க்காமல் அந்த வழியாகப் போகக்கூடாது. வாள், அகப்பை, சுக்கான் என்று அந்தக் கற்களை மலாய்க்காரர்கள் அழைக்கிறார்கள்.

நம் வரலாற்றுக்கு நெருக்கமானது உள்வழி. மலாயாவின் வணிக ரப்பர் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் நட்ட கன்றுகளிலிருந்து தொடங்கியது. சில ஆண்டுகளில் அது நெகிரி செம்பிலான் குன்றுகளில் பரவி, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேரை இங்கே இழுத்து வந்தது.

ரயில் பாதையும் அந்தக் கதையின் பகுதிதான். சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891இல் ரயில் ஓடத் தொடங்கியது. தம்பினிலிருந்து மலாக்காவுக்கு 1905இல் கிளைப்பாதை வந்தது. ஆக, ஒரு காலத்தில் இந்த இரு கடற்கரை ஊர்களுக்கும் நடுவே ரயில் மாறி ரயிலேறிப் போக முடிந்தது. ஜப்பானியர் ஆட்சியில் மலாக்காக் கிளையின் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களையும் அதே வேலைக்குக் கொண்டுபோனார்கள். தண்டவாளம் திரும்பவில்லை, போனவர்களில் மிகப் பலரும் திரும்பவில்லை. போர்ட்டிக்சன் பாதையிலும் பின்னாளில் பயணிகள் வண்டி நின்றது, பிறகு எண்ணெய் வண்டியும் நின்றது. இன்று இரண்டு ஊர்களுக்குமே ரயில் இல்லை.

பருவமும் வசதியும்

இரண்டு வழிகளுக்கும் நல்ல காலம் ஏறக்குறைய ஒன்றே. கடற்கரையில் பருந்து வரும் மாதங்களில்தான் உள்ளே ரப்பர் இலை சிவந்து உதிர்ந்து, புதுத் தளிர் விடும். வார இறுதியில் கரைச் சாலை நெரியும். உள்சாலையில் அந்தத் தொல்லை குறைவு. கார் இல்லாதவர்கள் சிரம்பானில் கொமுட்டர் ரயில் ஏறினால் செனாவாங், ரெம்பாவ் வழியாகப் புலாவ் செபாங் தம்பின் நிலையம் வரை போகலாம். பிறகு மலாக்காவுக்குச் சாலை வழிதான். சாப்பாட்டில் இரண்டுக்கும் குறையில்லை: கரையில் மீன், ரெம்பாவ் பக்கம் சிலி பாடி மிளகாய் போட்டுத் தேங்காய்ப்பாலில் சமைத்த காரக் குழம்பு.

தீர்ப்பு

கரை வழியின் அழகு சில இடங்களில் குவிந்திருக்கிறது. கட்டைக் கரைகளையும் தஞ்சோங் துவானையும் காண மலாக்கா வரை போக வேண்டியதில்லை. போர்ட்டிக்சனில் ஒரு நாள் தங்கினால் போதும். பெங்காலான் கெம்பாஸும் அங்கிருந்து எட்டும் தொலைவுதான். தோட்ட வழியின் அழகு அப்படி ஓரிடத்தில் நின்று பார்க்கிற அழகல்ல. கடந்து போனால்தான் கிடைக்கும். ஆகவே, இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரே ஒரு முறை பார்த்துக்கொண்டு போகப் போகிறீர்கள் என்றால், உள்வழியே போங்கள் என்பதுதான் என் முடிவு.

இன்னொரு காரணமும் உண்டு. கடல் அவ்வளவு எளிதில் வீட்டுமனையாகிவிடாது. தோட்டங்கள் அப்படியில்லை. சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் நடுவே சென்டாயான் பகுதி நம் கண் முன்னாலேயே நகரமாகிவிட்டது. ரந்தாவ், சிலியாவ் பக்கமும் அந்த மாற்றம் வந்துகொண்டிருக்கிறது. அதனால் இந்தப் பயணத்தைத் தள்ளிப் போடாதீர்கள். போகும்போது தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தாத்தாவையோ பாட்டியையோ முன் இருக்கையில் உட்கார வையுங்கள். எந்த மேட்டில் பால் ஸ்டோர் இருந்தது, எந்த ஓரத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது என்று அவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் கேட்கட்டும், நீங்கள் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள்.