கருவூல ஊழியரும் மாறொளிர் விண்மீன்களும்: ராதா கோவிந்த சந்திரரின் நோக்கீடுகள்

ஆய்வுச் சுருக்கம்

மாறொளிர் விண்மீன்களின் பொலிவை நெடுங்காலம் அளந்து பதிந்தோருள் பலர் தொழில்முறை வானியலாளர் அல்லர். வங்கத்தின் ஜெசோர் நகரக் கருவூலத்தில் பணியாற்றிய ராதா கோவிந்த சந்திரரை முன்வைத்து, அத்தகையோரை ஆய்வின் பங்காளராகவே கொள்ளவேண்டும் என இக்கட்டுரை வாதிடுகின்றது.

திறவுச்சொற்கள்: மாறொளிர் விண்மீன், பொலிவெண், ஆர்வலர் வானியல், ஜெசோர், காவலூர்.

முன்னுரை

திமிங்கில விண்மீன் குழுவிலுள்ள மீரா பொலிந்து, மங்கி, மீண்டும் பொலிவதற்கு ஏறத்தாழ 332 நாள்கள் ஆகின்றன. இத்தகைய விண்மீனின் இயல்பை அறியப் பல பத்தாண்டுப் பதிவுகள் தேவை. பெரிய வான்நோக்ககங்களின் கருவிகளை ஒரே பணிக்கு அத்துணைக் காலம் ஒதுக்க இயலாது. ஜெர்மானிய வானியலாளர் ஆர்கெலாண்டர் 1844-இல் வானியல் ஆர்வலர்களின் துணையை வேண்டினார். ஹார்வர்டு வான்நோக்கக இயக்குநர் எட்வர்டு பிக்கரிங் 1882-இல் அதற்கெனத் திட்டமொன்றை வெளியிட்டார். 1911-இல் வழக்கறிஞர் வில்லியம் டைலர் ஆல்காட்டின் முயற்சியால் அமெரிக்க மாறொளிர் விண்மீன் நோக்கர் சங்கம் தோன்றியது.

அளவீட்டு முறை

நோக்கர், மாறொளிர் விண்மீனை அதன் அருகிலுள்ள, பொலிவெண் முன்னரே அறியப்பட்ட விண்மீன்களோடு ஒப்பிடுவார். ஒன்று 8.2, மற்றொன்று 8.8 எனில், இரண்டிற்கும் நடுவே தோன்றுவதை 8.5 எனக் குறிப்பார். நாளையும் நேரத்தையும் உடன் பதிவார். செந்நிற விண்மீனை நெடுநேரம் உற்றுநோக்கினால் அது உள்ளதினும் பொலிவாகத் தோன்றும் என்பது போன்ற இடர்கள் இம்முறையில் உண்டு. எனினும், பலரின் மதிப்பீடுகளை ஒருங்கிணைக்கையில் தனியொருவரின் பிழை பெரிதும் தணிகின்றது. எனவே கருவியின் அளவினும் நோக்கீட்டின் தொடர்ச்சியே முதன்மை பெறுகின்றது.

ஜெசோரின் நோக்கர்

1878-இல் பிறந்த சந்திரர் கல்லூரிக் கல்வி பெறாதவர். 1912-இல் 3 அங்குலத் தொலைநோக்கியொன்றை வாங்கினார். 1918 ஜூனில், திருவோணம் இடம்பெறும் கழுகு விண்மீன் குழுவில் நோவா எனப்படும் புதுமீன் வெடித்தெழுந்தபோது, அதனைத் தாமாகவே கண்டறிந்து குறிப்புகளை ஹார்வர்டுக்கு அனுப்பினார். இத்தொடர்பே அவரைச் சங்கத்தின் நோக்கராக்கியது. 1926-இல் சங்கம் அவருக்கு 6 அங்குலத் தொலைநோக்கியொன்றைக் கடனாக அனுப்பியது.

இதனை வள்ளன்மையாக மட்டும் காண்பது பொருந்தாது. ஜெசோருக்கும் ஹார்வர்டுக்கும் இடையே ஏறத்தாழ 11 மணி நேர வேறுபாடு உண்டு. அங்குப் பகலாகும்போது இங்கு வானம் இருண்டிருக்கும். சில மணி நேரத்தில் பொலிவு மாறும் விண்மீன்களைப் பொறுத்தவரை, அவ்விடைவெளியில் விழித்திருக்கும் கண் இன்றியமையாதது. 1954 வரை சந்திரர் அனுப்பிய நோக்கீடுகள் 37,000-க்கும் மேற்பட்டவை. பருவமழை மூடிய இரவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் நாளொன்றுக்குச் சராசரியாக மூன்று ஆகும்.

முடிவுரை

அத்தொலைநோக்கி பின்னர் வானியலாளர் வைணு பாப்புவிடம் சேர்ந்து, தமிழகத்தின் காவலூர் வானாய்வகத்தை அடைந்தது. கருவியின் பயணம் இவ்வாறு நினைவுகூரப்பட, நோக்கர்களோ தரவுத்தொகுப்பில் சுருக்கக் குறியீடுகளாக எஞ்சுகின்றனர். கடந்துபோன இரவின் பொலிவை எத்துணைப் பெரிய தொலைநோக்கியாலும் மீண்டும் அளக்க இயலாது. அன்று பார்த்தவரின் பதிவே ஒரே சான்று. ஆதலின், அக்குறியீடுகளுக்குப் பின்னுள்ள மனிதர்களை மீட்டெழுதுவது அறிவியல் வரலாற்றின் கடமையாகின்றது.