வெற்றி உறுதியான பிறகு என்ன செய்வது? அமெரிக்கப் பாடசாலை உதைபந்தாட்டமும் ஒருபக்கப் புள்ளிகளும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரை ஒட்டியிருக்கிறது இங்கிள்வூட். 2021 ஒக்டோபர் மாத இறுதியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, அந்நகரின் இரண்டு உயர்நிலைப் பாடசாலைகள் மைதானத்தில் மோதின. இரண்டும் ஒரே கல்வி நிர்வாகத்தின் கீழ் இயங்கியவை. முதலாவது கால்பகுதி முடியும்போதே இங்கிள்வூட் பாடசாலை 59–0 என முன்னிலை பெற்றிருந்தது. ஆட்டம் முடிந்தபோது புள்ளிகள் 106–0. எதிரணியான மோர்னிங்சைட் பாடசாலைக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை.

செய்தி நாடு முழுவதும் பரவியது. பலரைக் கோபப்படுத்தியது மொத்தப் புள்ளிகள் மட்டுமல்ல. புள்ளிகள் 104–0 ஆக இருந்தபோது, வழக்கமாக எடுக்கும் ஒரு புள்ளி உதையை விட்டுவிட்டு, இரண்டு புள்ளிகளுக்கான முயற்சியை இங்கிள்வூட் தெரிவு செய்தது. அணியின் முதன்மை வீசுநர் அந்த ஓர் ஆட்டத்தில் மட்டும் 13 டச்டவுன் வீச்சுகளைப் பதிவு செய்தார். அப்பிராந்தியத்தின் பாடசாலை விளையாட்டு அமைப்பு இதனைக் கண்டித்தது. வென்ற பாடசாலையின் அதிபரும் பயிற்றுநரும் மன்னிப்புக் கேட்டனர்.

விதிப்படி பார்த்தால் அங்கே தவறு எதுவும் நடக்கவில்லை. அப்படியென்றால் மன்னிப்பு எதற்கு? அமெரிக்கப் பாடசாலைகள் இந்தக் கேள்விக்கு நீண்ட காலமாக விடை தேடி வருகின்றன. அவை முயன்று பார்த்த வழிகளையும், அவற்றில் எது பலன் தந்தது என்பதையும் இந்தக் கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

இது எந்த உதைபந்தாட்டம்?

அமெரிக்கர்கள் 'ஃபுட்போல்' என்று சொல்வது நாம் விளையாடும் உதைபந்தாட்டத்தை அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், வீசியும், எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்க்கும் ஆட்டம் அது. தலைக்கவசமும் தோள் காப்பும் அணிந்த 11 பேர் ஒவ்வொரு பக்கமும் நிற்பார்கள். எல்லையைக் கடந்தால் அது டச்டவுன். அதற்கு 6 புள்ளிகள். அதன் பின் பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஒரு புள்ளி. மறுபடியும் ஓடியோ வீசியோ எல்லையைக் கடந்தால் இரண்டு புள்ளிகள்.

உயர்நிலைப் பாடசாலை ஆட்டம் தலா 12 நிமிடங்களைக் கொண்ட நான்கு கால்பகுதிகளாக நடக்கும். ஆனால் கடிகாரம் தொடர்ந்து ஓடுவதில்லை. வீசிய பந்து பிடிபடாமல் விழுந்தாலும், பந்தோடு ஓடுபவர் கோட்டுக்கு வெளியே போனாலும் கடிகாரம் நிற்கும். அதனால் 48 நிமிட ஆட்டம் முடிய இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். பலமான அணியிடம் அகப்பட்ட பலவீனமான அணிக்கு இந்த நேரம் மிக நீண்டது.

துடுப்பாட்டத்தில் போதிய ஓட்டங்கள் சேர்ந்ததும் அணித்தலைவர் ஆட்டத்தை இடைநிறுத்துவதாக அறிவிக்கலாம். அமெரிக்க உதைபந்தாட்டத்தில் வெல்லும் அணி தானாக எடுக்கக்கூடிய அப்படியான முடிவு எதுவும் இல்லை. 70 புள்ளிகள் முன்னே நின்றாலும் பந்து கைக்கு வந்தால் ஏதாவது செய்தே ஆக வேண்டும்.

ஏன் இவ்வளவு பெரிய வித்தியாசம்?

மாணவர் தொகையைக் கொண்டு பாடசாலைகளைப் பிரிவுகளாக வகுப்பது அங்கே வழக்கம். ஆனால் ஒரே தொகை மாணவர்களைக் கொண்ட இரண்டு பாடசாலைகள் ஒரே வசதியைக் கொண்டிருப்பதில்லை. ஒன்றில் உடற்பயிற்சிக் கூடமும் பல துணைப் பயிற்றுநர்களும் இருப்பார்கள். மற்றதில் ஆள் போதாமல், தாக்குதலில் ஆடிய அதே பிள்ளைகளே தடுப்பிலும் நிற்பார்கள். திறமையான மாணவர்கள் பெயர் பெற்ற அணிகளைத் தேடிப் பாடசாலை மாறுவதும் நடக்கிறது. இரண்டாம் பாதியில் களைத்துப்போன பிள்ளைகள் மீது, களைக்காத பெரிய உடல்கள் மோதும். அதனால் இது மன வருத்தத்தோடு மட்டும் முடிகிற விடயம் அல்ல. காயம் பற்றிய விடயமும்கூட.

பழைய வரலாறும் உண்டு. 1916 ஒக்டோபர் 7 ஆம் திகதி அட்லாண்டாவில் நடந்த கல்லூரி ஆட்டமொன்றில் ஜோர்ஜியா டெக், கம்பர்லாண்ட் கல்லூரியை 222–0 என வென்றது. கம்பர்லாண்ட் தன் அணியை ஏற்கெனவே கலைத்திருந்தது. ஒப்பந்தத்தை மீறினால் தண்டப்பணம் கட்ட வேண்டும் என்பதால் கிடைத்த மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தது. வென்ற அணியின் பயிற்றுநர் ஜோன் ஹைஸ்மன். சிறந்த கல்லூரி வீரருக்கு இன்றும் ஆண்டுதோறும் வழங்கப்படும் விருது அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

முதல் வழி: எழுதாத மரபு

பயிற்றுநர்களிடையே ஓர் எழுதாத மரபு உண்டு. வெற்றி உறுதியானதும் முதன்மை வீரர்களை வெளியே எடுக்க வேண்டும். வீசுவதை நிறுத்தி, பந்தோடு ஓடும் எளிய ஆட்டத்தை ஆட வேண்டும். இரண்டு புள்ளி முயற்சி, எதிர்பாராத தந்திர உதை போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும்.

இந்த மரபைக் கடைப்பிடித்தும் புள்ளிகள் ஏறலாம் என்பதற்கு டெக்சாஸ் மாநிலத்தின் அலிடோ பாடசாலை உதாரணம். 2013 ஒக்டோபரில் அந்த அணி, ஃபோர்ட் வேர்த் நகரின் வெஸ்டர்ன் ஹில்ஸ் பாடசாலையை 91–0 என வென்றது. தோற்ற அணியைச் சேர்ந்த பெற்றோர் ஒருவர், அலிடோ பயிற்றுநர் எதிரணிப் பிள்ளைகளைக் கொடுமைப்படுத்தினார் என்று எழுத்துமூலம் முறையிட்டார். மாநிலச் சட்டப்படி கல்வி நிர்வாகம் விசாரணை நடத்தியது.

விசாரணையில் வேறு படம் தெரிந்தது. அலிடோ முதன்மை வீரர்களை வேளைக்கே வெளியே எடுத்திருந்தது. இரண்டாம் பாதியில் கடிகாரத்தை நிறுத்தாமல் ஓடவிட இணங்கியிருந்தது. கொடுமைப்படுத்தல் எதுவும் நடக்கவில்லை என்று முடிவானது. அலிடோ தவறு எதுவும் செய்யவில்லை என்று தோற்ற அணியின் பயிற்றுநரே சொன்னார்.

91–0 உம் 106–0 உம் பத்திரிகையில் ஒரே மாதிரித் தெரியும் எண்கள்தான். ஒன்றில் வென்றவர் கையை இழுத்துப் பிடித்தார். மற்றதில் இழுத்துப் பிடிக்கவில்லை. புள்ளிப் பலகை இந்த வேறுபாட்டைக் காட்டாது.

இரண்டாம் வழி: பயிற்றுநருக்குத் தண்டனை

மரபை நம்ப முடியாது என்று கருதிய இடங்கள் தண்டனையைக் கொண்டுவந்தன. கனெக்டிகட் மாநிலத்தில் நியூ லண்டன் பாடசாலை 2005 இல் பெற்ற பெரும் வெற்றிகளில் ஒன்று 90–0. மறு ஆண்டு அம்மாநிலம் புதிய விதியை இயற்றியது: 50 புள்ளி வித்தியாசத்தைத் தாண்டி வெல்லும் அணியின் பயிற்றுநர் அடுத்த ஆட்டத்தில் நிற்க முடியாது.

இந்த விதி ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நீடித்தது. அதன் சிக்கல் மைதானத்தில்தான் தெரியும். ஆண்டு முழுவதும் பயிற்சிக்கு வந்தும் ஆடக் கிடைக்காத மூன்றாம் வரிசைப் பையன், ஒருபக்கமான ஆட்டத்தில்தான் சில நிமிடங்கள் களமிறங்குவான். பந்து கையில் கிடைத்து முன்னே வெளியும் தெரியும்போது, 'ஓடாதே, விழுந்துவிடு' என்று அவனிடம் சொல்ல வேண்டும். எதிரே நிற்கும் பிள்ளைக்கோ, தன் மீது இரக்கப்பட்டு ஒருவன் வேண்டுமென்றே விழுவது தெரியும். அந்த இரக்கமும் ஒருவித அவமதிப்புத்தான். பின்னர் கனெக்டிகட் இந்தத் தண்டனையைக் கைவிட்டு, கடிகாரத்தை ஓடவிடும் முறைக்கு மாறியது.

நியூயோர்க் மாநிலத்தின் நசாவ் மாவட்டம் சற்று வேறான வழியை எடுத்தது. 42 புள்ளிகளுக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றால் பயிற்றுநர் ஒரு குழுவின் முன் விளக்கம் அளிக்க வேண்டும். 2019 இல் பிளெய்ன்எட்ஜ் பாடசாலை 61–13 என வென்றபோது, கடைசிக் கால்பகுதியிலும் முதன்மை வீரர்களை வைத்திருந்தமைக்காக அதன் பயிற்றுநருக்கு ஓர் ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. பாடசாலை நிர்வாகம் அதைக் கடுமையாக எதிர்த்தது. இங்கே எண் விசாரணையைத் தொடக்கி வைக்கிறது. தீர்ப்பு நடத்தையைப் பார்த்து வருகிறது. அலிடோவுக்கும் இங்கிள்வூட்டுக்கும் இடையிலான வேறுபாட்டை இப்படிக் கேட்டால்தான் அறியலாம். ஆனால் எவ்வளவு முன்னிலை பாதுகாப்பானது என்பதில் பயிற்றுநரும் குழுவும் உடன்படாமல் போகலாம்.

மூன்றாம் வழி: நேரத்தைக் குறைத்தல்

இன்று பரவலாகக் கைக்கொள்ளப்படுவது 'இரக்க விதி' எனப்படும் முறை. வித்தியாசம் குறித்த அளவை எட்டியதும் கடிகாரம் நிற்காமல் ஓடும். காயம், இடைவேளை போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே நிற்கும். பல மாநிலங்களில் அந்த அளவு 35 புள்ளிகள். எப்போதிருந்து ஓடவிடுவது என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

தேசிய பாடசாலை விதிநூலில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. இரு பயிற்றுநர்களும் நடுவரும் இணங்கினால் எஞ்சிய கால்பகுதிகளைச் சுருக்கலாம். ஆட்டத்தை அத்தோடு முடித்தும் கொள்ளலாம்.

மிகச் சிறிய கிராமப் பாடசாலைகள் ஆடும் ஆறு பேர் ஆட்டத்தில் விதி இன்னும் தெளிவு. 1934 இல் நெப்ராஸ்காவில் தோன்றிய இந்த ஆட்டத்தில், முதற்பாதி முடிவிலோ அதன் பின்னரோ 45 புள்ளி வித்தியாசம் வந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். யாரும் வேண்டுமென்றே விழ வேண்டியதில்லை. யாரையும் தண்டிக்க வேண்டியதும் இல்லை.

நேரத்தைக் குறைக்கும் வழியின் சிறப்பு இதுதான். ஆடும் வரை இரு பக்கமும் உண்மையாக ஆடலாம். குறைபாடும் உண்டு. மாற்று வீரர்களுக்குக் கிடைக்கும் நேரமும் சேர்ந்தே குறைகிறது. தவிர, விதி தொடங்குவதற்கு முன்பே சேதம் நடந்து முடிந்துவிடலாம். இங்கிள்வூட்டில் முதல் 12 நிமிடங்களிலேயே 59 புள்ளிகள் வந்தன என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தோற்றவர் பக்கம்

இதே கேள்வி மற்ற விளையாட்டுகளிலும் எழுகிறது. 2009 ஜனவரியில் டலஸ் நகரில் நடந்த பெண்கள் கூடைப்பந்தாட்டப் போட்டியொன்றில் கவனன்ட் பாடசாலை, டலஸ் அகடமியை 100–0 என வென்றது. தோற்றது, கற்றலில் இடர்ப்படும் மாணவர்களுக்கான சிறிய பாடசாலை. அணியில் இருந்தவர்கள் எட்டுப் பேர் மட்டுமே. வென்ற பாடசாலை பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, அந்த வெற்றியையே விட்டுக்கொடுக்க முன்வந்தது. தாம் வெட்கப்பட எதுவுமில்லை என்று எழுதிய பயிற்றுநர் பணியை இழந்தார்.

அந்த எட்டு மாணவிகளும் ஆட்டம் முடியும்வரை மைதானத்தை விட்டுப் போகவில்லை. அவர்கள் தோற்றார்கள், ஆனால் வெட்கப்பட வேண்டியவர்களாக அவர்களை யாரும் பார்க்கவில்லை. வென்ற பக்கம்தான் பதில் சொல்ல வேண்டி வந்தது.

இத்தனை விதிகளும் எண்ணைத்தான் அளக்கின்றன, ஏனென்றால் மனத்தை அளக்க முடியாது. 35, 42, 45, 50 என்று எல்லைக்கோடு எங்கே போடப்பட்டாலும், அதற்கு முன்னும் பின்னும் முடிவெடுப்பவர் பெரியவரான பயிற்றுநர்தான். எதிரே நிற்பவர்கள் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். திங்கட்கிழமை அவர்கள் மறுபடியும் வகுப்புக்குப் போக வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் தலைக்கவசத்தை மாட்ட வேண்டும்.

பலமுள்ளவர் தன் பலத்தை எங்கே நிறுத்துகிறார் என்ற கேள்வி எங்கள் வாசகர்களுக்குப் புதிதல்ல. அது மைதானத்துக்கு மட்டும் உரியதும் அல்ல. ஆனால் மைதானத்தில் அதற்கு எளிய விடை உண்டு. தோற்பவரை எதிராளியாக மதித்து உண்மையாக ஆட வேண்டும். முடிவு தெரிந்த பின் அவரைக் காட்சிப்பொருளாக்கக் கூடாது. 91–0 க்குப் பிறகும் தோற்ற பயிற்றுநர் வென்றவருக்காகப் பேச முன்வந்தார். 106–0 க்குப் பிறகு வென்றவர் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.