சொல்தா மாமா விட்டுப்போன அடுப்பு

பாண்டிச்சேரிப் பக்கத்துக் குடும்பங்களில் ‘சொல்தா’ என்றால் விளக்கம் தேவையில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, அந்த நாட்டு ஓய்வூதியத்தில் வாழ்பவர். என் அத்தையின் கணவர் அப்படிப்பட்டவர். 1953இல் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவுக்குக் கப்பலேறியவர், 1970களில் ஓய்வு பெற்றுப் பண்ருட்டிக்கே திரும்பினார். அத்தைக்கு வந்த முந்திரித் தோப்பும் ஓட்டு வீடும் இங்கே இருந்தன. அத்தை முன்பே போய்விட்டார். மாமா சென்ற ஆண்டு காலமானார். பிள்ளைகள் மூவரும் பிரான்சில். எனவே வீட்டுச் சாமான்களுக்குப் பட்டியல் போடும் வேலை, குடும்பத்தில் பிரெஞ்சு படித்த ஓய்வு பெற்ற எழுத்தனாகிய என்னிடம் வந்தது.

தகரப் பெட்டி, பதக்கங்கள், எனாமல் காப்பிக் கூஜா எல்லாம் எதிர்பார்த்தவையே. பரண் மேல் இருந்த பெரிய அட்டைப்பெட்டிதான் புதிது. உள்ளே சிவப்பு எனாமல் பூசிய உருண்டைச் சட்டி, அதே போன்ற மூடி, கழற்றிய மூன்று கால்கள், காகிதம் பிரிக்காத கம்பி வலை. கரி போட்டு இறைச்சி சுடும் ‘பார்பெக்யூ’ அடுப்பு. ஒரு துளி புகைக்கறை இல்லை. கம்பெனிப் பெயரும் இல்லை.

எங்கள் பள்ளியில் ஒரு வாத்தியார், பிரெஞ்சில் ‘பார்ப் அ க்யூ’, அதாவது ‘தாடியிலிருந்து வால் வரை’ ஆட்டை முழுசாகச் சுடுவதால் வந்த சொல் இது என்று சொல்லிக் கொடுத்தார். கேட்க அழகாக இருக்கும், உண்மை அல்ல. கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்கள் குச்சிகளால் கட்டிய பரணுக்கு வைத்திருந்த ‘பார்பகோவா’ என்ற பெயரே ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. பரண் என்ற பொருள் கொண்ட பெயருள்ள அடுப்பு நம் வீட்டுப் பரணில் கிடந்தது பொருத்தம்தான்.

இந்த உருண்டை வடிவம் அமெரிக்காவில் பிறந்தது. சிகாகோ பக்கத்தில் வெபர் சகோதரர்கள் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், 1952இல் அங்கே செய்த கடல் மிதவையின் உருண்டையை இரண்டாக வெட்டினார். கீழ்ப்பாதிக்குக் கால், மேல்பாதிக்குப் பிடி, காற்று போக ஓட்டை. மூடி போட்டால் காற்றும் மழையும் தணலைக் கெடுக்காது, வெப்பமும் சுற்றிச் சுழலும். அதற்குப் போடும் கரிக்கட்டிக்கும் ஒரு கதை உண்டு. ஹென்றி போர்டு தன் கார்களுக்கு மரம் அறுத்த ஆலையின் கழிவை வீணாக்காமல் கரியாக்கி, மாவுப் பசை சேர்த்து அழுத்திக் கட்டியாக்கி விற்றார். அது 1920களில்.

பண்ருட்டிக்காரர்களுக்குக் கரிக்கட்டி புதிதல்ல. பக்கத்து நெய்வேலியில் 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. மறு ஆண்டு நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரி கண்ணில் பட்டது. பின்னர் அங்கே பழுப்பு நிலக்கரியைப் பொடித்து, உலர்த்தி, அழுத்திக் கட்டியாக்கி, காற்றுப் படாமல் சூடேற்றி ‘லெகோ’ என்ற பெயரில் வீட்டு எரிபொருளாக விற்றார்கள். வாளி அடுப்பில் லெகோ போட்டுச் சமைத்த தாய்மார்கள் இதைப் படிக்கும் உங்கள் வீடுகளிலும் இருந்திருப்பார்கள். புகை குறைவு, தணல் நெடுநேரம் நிற்கும். சவுக்குக் கரிக்கும் கடலூர்க் கடலோரத்தில் பஞ்சம் இருந்ததில்லை. ஆகவே கரி கிடைக்காமல் மாமா அடுப்பை மூட்டாமல் விட்டார் என்று சொல்ல முடியாது.

சுட்டுத் தின்பது நமக்குத் தெரியாத பழக்கமும் அல்ல. கரிகாலன் வீட்டு விருந்தில் இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சி பரிமாறியதைப் பொருநராற்றுப்படை சொல்கிறது. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துப் பரதவர் விருந்தினருக்குச் சுட்ட உலர்மீன் தருகிறார்கள். அந்த ஊரை மரக்காணம் என்பார்கள். இங்கே தோப்பில் ஓட்டைத் தகரத்தில் முந்திரிக்கொட்டையைச் சுட்டு, எண்ணெய் சீறித் தீப்பிடிக்க விலகி நின்றவர்கள்தானே நாம்.

பின் ஏன் அந்த அடுப்பு எரியவில்லை? எனக்குத் தோன்றும் காரணம் கணக்குதான். எங்கள் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ, முக்கால் கிலோ கறி எடுப்பார்கள். உண்பவர் பத்துப் பேர். துண்டு சிறிதானாலும் குழம்பின் ருசி எல்லார் சோற்றுக்கும் போய்ச் சேரும். கம்பி வலையில் போட்டால் ஆளுக்கொரு பெரிய துண்டு வேண்டும். போருக்குப் பிந்திய அமெரிக்காவில் தனி வீடு, பின்கட்டில் புல்தரை, கையில் காசு, ஞாயிறு ஓய்வு எல்லாம் ஒன்றாக வந்தபோது இந்த அடுப்பு பெருகியது. அதன் முன் நிற்பவர் வீட்டு ஆண். நம் ஊரில் அடுப்பு அத்தையுடையது. வெளியே இன்னொரு தீ மூட்ட மாமாவுக்கு வேலை இல்லை.

பெட்டிக்குள் பிரெஞ்சில் அச்சிட்ட செய்முறைத் தாள் இருந்தது. முதல் தடவை உணவு வைக்காமல் எரிக்க வேண்டும் என்ற வரியின் கீழே மாமா பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். ஓரத்தில் பிள்ளைகள் மூவரின் பெயரையும், ‘டிசம்பர்’ என்ற சொல்லையும் எழுதியிருக்கிறார். எந்த ஆண்டு என்று குறிக்கவில்லை. மூவரும் ஒரே டிசம்பரில் இந்த வீட்டுக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. ஒருவர் வரும்போது மற்றவருக்கு விடுப்பு இருக்காது.

பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்டார். பெரிய மகனும் தொலைபேசியில், “கொடுத்துவிடுங்கள் மாமா, கப்பல் கூலி அதைவிட அதிகம்” என்றான். அந்தத் தாளைப் படம் பிடித்து மூவருக்கும் அனுப்பினேன். இரண்டு நாள் யாரும் பதில் போடவில்லை. மூன்றாம் நாள் மகள், “விற்க வேண்டாம், நாங்கள் வந்து முடிவு செய்கிறோம்” என்று எழுதினாள். வீட்டை விற்பது பற்றிப் பேச எப்படியும் மூவரும் வர வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் சொல்தா காலத்துச் சாமான் ஏதாவது கிடக்கலாம். எடைக்குப் போடுமுன் பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பிரெஞ்சு படிக்க ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன்.