பின்பனிக் காலத்து நகரம்: மன்னார்ச் சலாபமும் அதனைக் கண்டோரும்

நிலைத்த நகரங்களின் வரலாறே பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளது. சில வாரங்கள் மட்டும் வாழ்ந்து மறையும் நகரமொன்றின் வரலாறு மன்னார்க் கரைக்கு உரியது. வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து கடல் அமைதியுறும் மாசி, பங்குனி மாதங்களில் சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி முதலிய இடங்களுள் ஒன்றில் ஓலைக் கொட்டில்களாலான பெருநகர் எழும். சலாபம் எனப்பட்ட முத்துக்குளிப்பு முடிந்ததும் அது மீண்டும் மணல்வெளியாகும். பனிக்காலத்தில் வேற்றூர் காணச் செல்வோர் மாளிகைகளையும் கலைப்பொருள்களையும் நல்லுணவையும் நாடுவது உலக வழக்கு. சலாப நகருக்கு வந்தோர் எவற்றைக் கண்டனர், எவற்றைக் காணாது விட்டனர் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இக்கடலின் முத்துக்குளிப்பை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ விவரித்துள்ளார். மன்னாரைப் போர்த்துக்கேயர் 1560இலும், ஒல்லாந்தர் 1658இலும், பிரித்தானியர் 1795இலும் கைப்பற்றினர். ஆட்சிகள் மாறினும் தொழில்முறை மாறவில்லை. முத்துப்பார்களை முன்னரே சோதித்துச் சிப்பிகள் முதிர்ந்திருப்பின் சலாபம் அறிவிக்கப்படும். தூத்துக்குடிப் பரதவரும், கீழக்கரை முஸ்லிம்களும், இலங்கைக் கரையோரத்தாரும், பிற்காலத்தில் அராபியரும் குளியாட்களாக வந்தனர். அவர்களை நாடி வணிகரும், வணிகரை நாடி ஏனையோரும் வந்தனர்.

றொபேட் பேர்சிவல் 1803இலும் ஜேம்ஸ் கோர்டினர் 1807இலும் வெளியிட்ட நூல்கள் இக்கூட்டத்தை வியப்புடன் வருணிக்கின்றன. பல மொழி பேசுவோர் நெருங்கிய கடைத்தெரு, செப்படிவித்தைக்காரர், பாம்பாட்டிகள், கூத்தாடிகள் என அக்காட்சி விரிகின்றது. திறவாத சிப்பிகளை வாங்கித் தம் நல்லூழைச் சோதித்தோரும் பலர். மக்கள் அருகி வாழ்ந்த வறண்ட நிலமாதலின் உணவுப்பொருள்கள் பெரும்பாலும் வெளியிடங்களிலிருந்தே வரவேண்டியிருந்தன. கடல் தந்த கோடிக்கணக்கான சிப்பிகளோ உணவாகவில்லை. முத்தைப் பிரித்தெடுக்கும் பொருட்டு அவை அழுகவிடப்பட்டன. அந்நகரின் வனப்பைப் பாடியோரும் அதன் துர்நாற்றத்தையும் ஈக்கூட்டத்தையும் மறைத்தாரல்லர்.

இந்நகரில் நிலைத்த கட்டடமெனக் கூறத்தக்கது அரிப்பிலுள்ள டொறிக் மாளிகையாகும். தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் சலாபத்தைக் கண்காணிக்கத் தங்குவதற்கென இது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பப்பட்டது. கிரேக்கப் பாணித் தூண்களுடன் கடலை நோக்கி நின்ற இம்மாளிகையைக் கோர்டினர் பெரிதும் போற்றினார். ஆயினும் மாளிகை எழுமுன்னரே, 1796 முதல் 1798 வரை ஆண்டுதோறும் நிகழ்ந்த குளிப்பினால் பார்கள் நலிந்திருந்தன. மாளிகை பயன்பட்ட காலம் குறுகியது. அவ்வூர் மக்கள் அதனை அல்லிராணியின் கதையோடு இணைத்தனர். ஆள்வோனின் பெயரை விடுத்துக் கதைத்தலைவியின் பெயரை அவர்கள் பேணியமை சிந்திக்கத்தக்கது.

1863இல் பிசே இயற்றிய 'முத்துக்குளிப்போர்' என்னும் இசைநாடகம் பாரிசில் அரங்கேறியது. கதைக்களம் இலங்கை, கதையோ காதலும் நட்பும் பற்றியது. மெய்யான குளியாளின் வாழ்வு வேறு. காலிற் கல்லைப் பிணைத்து ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழத்தில் அவன் இறங்கினான். ஏறத்தாழ ஒரு நிமிடத்துள் சிப்பிகளைக் கூடையில் வாரிக் கயிற்றை அசைத்தான். தோணியில் நின்ற துணையாளின் விழிப்பே அவனது உயிர். சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டி கரையில் மந்திரம் ஓதினான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு மூன்றில் இருபங்கு சிப்பிகளை எடுத்துக்கொள்ள, எஞ்சிய ஒருபங்கே உயிரைப் பணயம் வைத்தோர்க்குக் கிடைத்தது.

1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு மரிச்சுக்கட்டியில் அரச அலுவலராகப் பணியாற்றிய லெனாட் வூல்ஃப், 1921இல் வெளியிட்ட சிறுகதையொன்றில் அராபியக் குளியாளொருவனின் மரணத்தைச் சித்திரித்தார். காட்சியைக் கடந்து மனிதனைக் கண்ட அரிய எழுத்து அது. முத்துப்பார்கள் 1906இல் கம்பனியொன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. ஆனால் 1907இன் பின் 1925வரை சலாபம் நிகழவில்லை. மிகுதியாக எடுத்தமையும், பருவக்காற்றினால் மணல் பெயர்ந்து இளஞ்சிப்பிகளை மூடியமையும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. யப்பானிய வளர்ப்பு முத்துக்களின் வருகை எஞ்சிய வணிகத்தையும் தளர்த்தியது.

இன்று டொறிக் மாளிகையின் சிதைந்த சுவர்களைக் கடல் அரித்து வருகின்றது. அதனைக் காக்க வேண்டுமென்னும் குரல் நியாயமானதே. ஆயினும் மன்னார் வரலாற்றை அச்சுவர்களோடு முடித்துக்கொள்வது, விருந்தினராய் வந்தோரின் கண்களால் மட்டும் அதனைக் காண்பதாகும். வந்து கண்டோர் நூல் எழுதினர். வாங்கிச் சென்றோர் செல்வராயினர். மூழ்கி எடுத்தோரின் பெயர்கள் எந்த மாளிகைச் சுவரிலும் பொறிக்கப்படவில்லை. கரையோரக் குடும்பங்களின் நினைவிலும் வழக்குச் சொற்களிலும் எஞ்சியுள்ள செய்திகளைத் தொகுத்து எழுதுவது தமிழ் வரலாற்று மாணவரின் கடனாகும். மாளிகையைப் போலவே அந்நினைவுகளும் ஆண்டுதோறும் தேய்ந்து வருகின்றன.